சதா சகாய மாதா திருவோவியம்: ஓர் அச்சுப் பிரதியின் மதிப்புரை

ரோம் நகரின் புனித அல்போன்சஸ் ஆலயத்தில் 1866 முதல் வணங்கப்பட்டு வரும் சதா சகாய மாதா ஓவியத்தின், மரப்பலகையில் ஒட்டப்பட்ட அச்சுப் பிரதி ஒன்றை அண்மையில் வாங்கினேன். இத்தகைய பிரதியை மதிப்பிடும்போது, மூலத்தின் குறியீடுகளுள் எவை அச்சில் சிதையாமல் வந்திருக்கின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

குழந்தை இயேசுவின் காலிலிருந்து கழன்று ஒற்றை வாரில் தொங்கும் செருப்பு இதில் தெளிவாகவே பதிந்துள்ளது. வலப்புறம் கபிரியேல் தூதர் ஏந்திவரும் சிலுவையையும் ஆணிகளையும் கண்டு அஞ்சிய குழந்தை, தாயிடம் ஓடிவந்த வேகத்தை அந்தச் சிறு செருப்பு சொல்லிவிடுகிறது. குழந்தையின் இரு கைகளும் தாயின் வலக்கையைப் பற்றியிருக்க, அவளுடைய கண்களோ மகனை நோக்காமல் ஓவியத்தின் முன் நிற்பவரை நோக்குகின்றன. இந்தப் பார்வையின் துயரம் மங்காமல் வந்திருப்பதே பிரதியின் பெரும் சிறப்பு என்பேன்.

இடப்புறம் மிக்கேல் தூதர் தாங்கிய ஈட்டியும் கடற்பஞ்சும் ஒன்றோடொன்று கலங்கித் தெரிவது குறைதான். விண்ணக ஒளியைக் குறிக்கும் பொன்னிறப் பின்னணி வெறும் மஞ்சளாகிவிட்டது. முக்காட்டின் விண்மீன் பரவாயில்லை. ஆனால், ‘இறைவனின் தாய்’ என்பதன் கிரேக்கச் சுருக்க எழுத்துகளைச் சட்டம் பாதி மறைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. செபத்திற்கென வாங்குவோருக்கு இது போதும். குறியீடுகளைப் பயில விரும்புவோர் சட்டமில்லாத பெரிய பிரதியைத் தேடுவது நல்லது.