70 எம்எம் டெலஸ்கோப்: லென்ஸு சூப்பர், ஸ்டாண்டுதான் சொதப்பல்

பாண்டில வாங்குனது, 8,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கம்மி. 700 எம்எம் ஃபோகல் லென்த் (லென்ஸுலேர்ந்து படம் விழுற தூரம்), கூடவே 25, 10, 4 எம்எம் ஐபீஸும் (கண்ணு வச்சுப் பாக்குற லென்ஸு, நம்பர் குறைஞ்சா பெருசா காட்டும்) ஒரு 3எக்ஸ் பார்லோவும் (அதை இன்னும் மூணு மடங்கு பெருசாக்குற லென்ஸு) வருது. டப்பா மேல 525எக்ஸ்னு, அதாவது 525 மடங்குன்னு பெருசா போட்டிருக்காங்க, அதை நம்பி வாங்கிடாதீங்க, 70 எம்எம் அகல லென்ஸு 140 மடங்கு வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல எல்லாம் மங்கல்தான். 4 எம்எம்மும் பார்லோவும் டப்பாலயே இருக்கட்டும்.

ஆனா லென்ஸு நெஜமாவே நல்லாருக்கு. கல்யாணத்துல அம்மி மிதிச்சு அருந்ததி பாக்கச் சொல்வாங்கல்ல, அந்த அருந்ததியும் வசிஷ்டரும் சப்தரிஷி மண்டலத்து வால்ல நடுவுல இருக்கு, கண்ணு நல்லாருந்தா சும்மாவே ரெண்டும் தனித்தனியா தெரியும். அரபில வசிஷ்டர் மிஸார், அருந்ததி சுஹா, அந்தக் காலத்துல அங்கயும் சுஹா தெரியுதான்னு கேட்டுதான் கண்ணு எப்படின்னு பாப்பாங்களாம். கடலூர் சில்வர் பீச்ல வச்சு 10 எம்எம் போட்டுப் பாருங்க, அந்த வசிஷ்டரே ரெண்டா பிரியுது! ஒண்ணு பளிச்சுன்னு வெள்ளையா, அதை ஒட்டி இன்னொண்ணு கொஞ்சம் டல்லா, நடுவுல கருப்பா இடைவெளி சுத்தமா தெரியுது, அருந்ததியும் அதே வட்டத்துக்குள்ள தள்ளி நிக்குது. 14 ஆர்க்செகண்டு (ஒரு டிகிரியில 3,600ல ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்டு) இடைவெளி, 1617லயே கலிலியோவோட சிஷ்யர் காஸ்டெல்லி பாத்தது, அதை நம்ம பீச்ல நின்னு பாக்குறோம்ங்க. அந்த ரெண்டுல ஒவ்வொண்ணும் உள்ளுக்குள்ள ஒரு ஜோடி, அருந்ததிக்கும் 2009ல ஒரு சின்ன துணை கண்டுபிடிச்சாங்க, ஆக மொத்தம் ஆறு, 80 சொச்சம் ஒளியாண்டு தூரத்துல. இந்த உள் ஜோடியெல்லாம் இதுல தெரியாது, எதிர்பாக்காதீங்க.

ஸ்டாண்டுக்கு வருவோம். மெல்லிசு அலுமினியக் காலு, கடக்காத்துக்கு ஆடுது, ஃபோகஸ் திருகுனா படம் நடுங்கி அடங்கவே நேரமாவுது. காலை முழுசா நீட்டாம, கீழ உக்காந்து, நடுத்தட்டுல தண்ணி பாட்டில் ரெண்டு வச்சா பரவால்ல. லென்ஸ்ல உப்புக்காத்து ஈரம் படியும், கர்ச்சீப்பால தொடைக்காதீங்க, தானா காயட்டும்.

மே, ஜூன்ல ராத்திரி சாப்பாடு முடிச்சுட்டு போனா சரியா இருக்கும். வடக்க பாண்டி வெளிச்சம் ஏறுனாலும் வசிஷ்டர் நம்மூர்ல 47 டிகிரி உசரத்துக்கு வர்றதால தொந்தரவு இல்ல.

இதே காசுக்கு 10x50 பைனாகுலர் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: அதுல அருந்ததி அழகா தெரியும், வசிஷ்டர் பிரியறது கஷ்டம். டெலஸ்கோப்தான் வேணும்னா கடைலயே ஸ்டாண்டை விரிச்சு, மூணு காலு லாக்கும் இறுக்கி, தட்டிப் பாத்துட்டு காசு குடுங்க, எனக்கு வந்ததுல ஒரு லாக்கு வழுக்குது, கடைல மாத்தித் தரல.