ட்ரையத்லான் ஸ்பான்சர்ஷிப் தருகிறோம் என்று மெசேஜ் வந்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டிக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் தொடர்ந்து முடிக்கும் ட்ரையத்லான்) பதிவு செய்ததை இன்ஸ்டாகிராமில் போட்டால் போதும், சில நாளில் ஒரு மெசேஜ் வந்துவிடும். "உங்கள் பயிற்சிப் படங்கள் அருமை. எங்கள் அதிலீட் டீமில் உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்." விண்ணப்பமே போடாதவரைத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லும்போதே சந்தேகம் வர வேண்டும். ஆனால் தினமும் விடிவதற்கு முன் எழுந்து பயிற்சி செய்யும் ஒருவருக்கு அந்த ஒரு வரி தரும் சந்தோஷம் பெரிது. ஏமாற்றுபவர்கள் குறிவைப்பதும் அதைத்தான்.

இப்படிச் சேர்ந்த ஏஜ் குரூப் வீரர்களிடம் (வயதுப் பிரிவில் போட்டியிடும் அமெச்சூர்கள்) ஒரு ட்ரைசூட் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் அணியும் ஒரே உடை) விற்பனையாளர் நடந்துகொண்ட விதம் இது. முதலில் 2,500 ரூபாய் டீம் கட்டணம். பிறகு டீம் ட்ரைசூட் கட்டாயம். விலை 12,000, "ஸ்பான்சர்ஷிப்" 50 சதவீதம், ஆக 6,000 கட்ட வேண்டும். மாதம் நான்கு பதிவுகள் போட வேண்டும். பெயர் அச்சிட்ட சூட் மூன்று வாரத்தில் வரும் என்றார்கள். போட்டி முடிந்த பிறகுதான் வந்தது, அதுவும் பலருக்கு அளவு தவறி. மாற்றிக் கேட்டால், பெயர் அச்சிட்டது என்பதால் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற பதில். இதற்கிடையில் அதே சூட், பெயர் இல்லாமல், பண்டிகைத் தள்ளுபடியில் 6,000 ரூபாய்க்கு எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. ஆக, இந்த வீரர்கள் பெற்ற ஸ்பான்சர்ஷிப்பின் மதிப்பு பூஜ்யம். 2,500 ரூபாயும் மாதாமாதம் போட்ட விளம்பரமும் விற்பனையாளருக்கு லாபம்.

தள்ளுபடி கூப்பன் தரும் அம்பாசடர் (விளம்பரத் தூதர்) திட்டம் எல்லாமே மோசடி அல்ல. சேரக் கட்டணம் இல்லை, வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தள்ளுபடி எவ்வளவு என்று எழுத்தில் இருக்கிறது என்றால் அது நேர்மையான வியாபாரம். வெளிப்படையாகத் தள்ளுபடி என்றே சொல்கிறார்கள், பிடித்தால் சேரலாம். நீங்கள் முதலில் பணம் கட்ட வேண்டியிருந்தால் அது விற்பனை. அதை விற்பனையாகவே எடை போடுங்கள்: இந்தப் பொருளை, இந்த விலைக்கு, இந்த லோகோ இல்லாமல் வாங்குவேனா?

ட்ரைசூட்டில் தாமதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது நீண்ட தூரம் போட்டியிட்டவர்களுக்குத் தெரியும். 1.9 கிலோமீட்டர் கடலில் நீந்தி, உப்புநீர் காயாத துணியோடு 90 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அக்குளிலும் கழுத்திலும் தையல் உரசினால் தோல் உரிந்துவிடும். சூட்டின் இருக்கைப் பகுதியில் உள்ள பேட் மெல்லியதாக இருந்தால் ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிப் பிடிக்கும் கைப்பிடி) குனிந்து உட்கார்ந்த இரண்டாவது மணி நேரத்திலேயே இருக்கை வலி தொடங்கும். இதையெல்லாம் குளத்திலோ கடலிலோ ஒரு முறை, நீண்ட சைக்கிள் பயிற்சியில் இரண்டு மூன்று முறை போட்டுப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். எனவே போட்டிக்கு ஆறு வாரம் முன்பாவது சூட் கையில் இருக்க வேண்டும். பெயர், லோகோ அச்சிடும் சூட்டுக்கு டிசைன் ஒப்புதல், அச்சு, தையல் என்று பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். டிசைனைக்கூடக் காட்டாமல் மூன்று வாரம் என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அளவுப் பட்டியல் மட்டும் அனுப்பினால் போதாது. அச்சில்லாத மாதிரி சூட் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள்.

வெட்சூட் (குளிர்ந்த நீரில் அணியும் ரப்பர் உடை) தள்ளுபடி என்று ஆசை காட்டுவதும் உண்டு. அயர்ன்மேன் போட்டிகளில் ஏஜ் குரூப் வீரர்கள் பரிசுக்கான தகுதியை இழக்காமல் வெட்சூட் அணிய நீரின் வெப்பம் 24.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கோவா கடலோ சென்னைக் கடலோ அதைவிட வெப்பமானது. வெளிநாட்டில் குளிர்ந்த நீரில் போட்டியிடப் போகாதவருக்கு அந்தத் தள்ளுபடியால் பயனில்லை.

அடுத்தது ஜெல் (போட்டியின்போதே சாப்பிடும் சத்துக் கூழ்) ஸ்பான்சர்ஷிப். இங்கே கணக்குப் போட்டே தீர வேண்டும். ஆறரை மணி நேரத்தில் 70.3 முடிப்பவர், நீச்சலையும் உடை மாற்றும் நேரத்தையும் கழித்தால் ஐந்தரை மணி நேரம் சாப்பிட வேண்டும். மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட் என்றால் 330 கிராம். ஒரு ஜெல்லில் 25 கிராம் என்று வைத்தால் போட்டிக்கு மட்டும் 13 ஜெல். வயிற்றைப் பழக்க, பத்து வார இறுதிகளில் நான்கு மணி நேரம் சைக்கிள் ஓட்டினால் வாரத்துக்கு 240 கிராம், கிட்டத்தட்ட 10 ஜெல். மொத்தம் இன்னொரு 100. அவர்கள் "இலவசமாக" அனுப்பும் 12 ஜெல் பெட்டி ஒரு போட்டிக்கே போதாது. ஆனால் ஒப்பந்தத்தில், வேறு நிறுவனத்தின் ஜெல்லோடு படத்தில் வரக்கூடாது என்று ஒரு ஆண்டு தடை இருக்கும். மீதி 100 ஜெல்லையும் அவர்களிடமே காசு கொடுத்து வாங்குவீர்கள், அல்லது பழகாத ஜெல்லோடு போட்டிக்குப் போவீர்கள். ஓட்டத்தில் வயிறு புரட்டி வாந்தி எடுப்பதற்குப் பழகாத ஜெல்லும் ஒரு முக்கியக் காரணம்.

பவுடர், ப்ரீ வொர்க்அவுட் (பயிற்சிக்கு முன் எடுப்பது), "ரெகவரி" மாத்திரை தரும் ஸ்பான்சர்களிடம் இன்னும் கடுமையாக இருங்கள். அயர்ன்மேன் போட்டிகளில் ஏஜ் குரூப் வீரர்களும் ஊக்கமருந்து சோதனைக்கு உட்பட்டவர்கள். உடலில் என்ன கண்டுபிடிக்கப்பட்டாலும் பொறுப்பு வீரருடையது. ஸ்பான்சர் கொடுத்தது என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. ப்ரீ வொர்க்அவுட் பொருள்களில் டிஎம்ஏஏ, ஹைஜெனமைன் போன்ற தடைசெய்யப்பட்டவை கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன, சில சமயம் லேபிளில் பெயரே இல்லாமல். டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருப்பது உணவு உரிமத்தைத்தான் காட்டும், ஊக்கமருந்து சோதனையை அல்ல. தடைசெய்யப்பட்ட பொருள்கள் உள்ளனவா என்று சோதித்ததைக் காட்டும் இன்ஃபார்ம்டு ஸ்போர்ட் முத்திரை இருந்தால், டப்பாவின் பேட்ச் எண்ணை அவர்களின் தளத்தில் போட்டுப் பாருங்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பேட்ச் எண் பட்டியலில் இல்லை என்றால் திறக்காமல் திருப்பி அனுப்புங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பார்சல் வந்தால் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.

ஒப்பந்தத்தில் பெரும்பாலும் கண்ணில் படாமல் போவது படங்களின் உரிமை. "உலகம் முழுவதும், காலவரையின்றி, கட்டணமின்றி" உங்கள் படத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தால், நீங்கள் விலகிய பிறகும் உங்கள் முகம் அவர்கள் விளம்பரத்தில் இருக்கும். ஒப்பந்தக் காலமும் அதற்குப் பின் மூன்று மாதமும் என்று மாற்றச் சொல்லுங்கள். போட்டியின் அதிகாரப்பூர்வப் படங்களைக் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் அவை வழக்கமாகச் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. ஸ்பான்சர் விளம்பரத்துக்குக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். சைக்கிள் தந்தால், அது பரிசா, இரவலா, விமானத்தில் உடைந்தால் யார் செலவு, எத்தனை மாதம் விற்கக்கூடாது என்பதை எழுதி வாங்குங்கள். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பதிவு போடும்போது அது விளம்பரம் என்று குறிப்பிடுவது கட்டாயம் என்பதையும் மறக்க வேண்டாம்.

வரியின் பெயரில் நடக்கும் ஏமாற்று தனி. தொழில் சார்ந்து ஒருவருக்கு ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால் 10 சதவீத டிடிஎஸ் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் இருக்கிறது. இதைச் சொல்லி, "இரண்டு லட்சம் ரூபாய் சைக்கிள் ரெடி, 20,000 வரி மட்டும் அனுப்புங்கள்" என்பார்கள். வரி உங்கள் பான் எண்ணில் அரசுக்குப் போக வேண்டியது. யாரோ ஒருவரின் யுபிஐ முகவரிக்கு வரி கட்டும் முறை கிடையாது. "கஸ்டம்ஸில் பார்சல் நிற்கிறது" என்பதும் இதே வகைதான். போட்டி நுழைவுக் கட்டணத்தையே ஸ்பான்சர் செய்கிறோம் என்று யாராவது சொன்னால், பதிவு உங்கள் பெயரில் இருப்பதைப் போட்டி அமைப்பாளரிடம் இருந்து வரும் மின்னஞ்சலில் பாருங்கள். வேறொருவர் பெயரிலான பிப் எண்ணோடு (போட்டியில் அணியும் எண்) ஓடினால் தகுதி நீக்கம்.

ப்ரோ லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு (தொழில்முறை வீரர்கள்) ஒன்று மட்டும். போனஸை நம்பி மாதத் தொகையைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். போனஸ் எந்தப் போட்டியில், எந்த இடத்துக்கு, இன்வாய்ஸ் கொடுத்த எத்தனை நாளில் என்று இல்லாவிட்டால் அது வாய்ப்பேச்சு. காயத்தில் போட்டியிடாத மாதங்களுக்கு என்ன ஆகும் என்பதும் எழுத்தில் வேண்டும்.

பணம் போய்விட்டது என்றால் கூச்சப்பட்டு நாள் கடத்தாதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் புகார் செய்தால் பணம் அடுத்த கணக்குக்கு நகருமுன் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட், அவர்கள் கணக்கின் முகவரி ஆகியவற்றை அவர்கள் பிளாக் செய்வதற்கு முன்பே எடுத்து வையுங்கள். பொருள் வராதது, அளவு தவறியது போன்ற புகார்களுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பில் கேட்பார்கள். அதனால் "டீம் பங்களிப்பு" என்று ரசீது தர முன்வந்தால் மறுத்து, உங்கள் பெயரில், பொருளின் பெயர், அளவு, ஜிஎஸ்டி எண்ணோடு பில் கேட்டு வாங்குங்கள். அந்த ஜிஎஸ்டி எண்ணை அரசு தளத்தில் போட்டால் வியாபாரம் யார் பெயரில் இருக்கிறது என்று உடனே தெரியும். பணம் கட்டுவதற்கு முன்பே அந்த எண்ணைக் கேளுங்கள்.