ஆகாய கங்கையா, புளியஞ்சோலையா?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் ஆறுகளுக்குக் குறைவில்லை. அருவிதான் கிடையாது, கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் சமதரை. காட்டாற்றை ஒட்டி நடந்து அருவியில் நனைய வேண்டுமென்றால் திருச்சியைத் தாண்டிக் கொல்லிமலைக்குப் போக வேண்டும். அங்கே ஐயாறு என்னும் காட்டாறு மலைமேல் அறப்பளீஸ்வரர் கோயிலருகே ஆகாய கங்கை அருவியாக விழுகிறது. பள்ளத்தாக்கு வழியாக இறங்கி அடிவாரத்தில் புளியஞ்சோலைக்கு வருகிறது, பிறகு காவிரியில் கலக்கிறது. வயதானவர்களும் பிள்ளைகளுமாகப் போவதற்கு நாங்கள் தேர்ந்தது புளியஞ்சோலை. கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

அருவி என்று பார்த்தால் போட்டியே இல்லை. ஆகாய கங்கை ஏறக்குறைய 300 அடி உயரம். மழைக்காலத்தில் கிட்டே போகும் முன்பே சாரல் நனைத்துவிடும். புளியஞ்சோலையில் இருப்பவை பாறை இடுக்குகளில் சரியும் சிற்றருவிகளும் மடுக்களும்தான். வழியும் தெரிந்ததே: புளியஞ்சோலைக்குத் திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் வழியாக 70 கிலோமீட்டர் சொச்சம். ஆகாய கங்கைக்கு நாமக்கல் வழியாகப் போனால் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அதில் ஏறக்கூடாது.

முடிவு செய்ய வேண்டிய விஷயம் திரும்பி வருவதுதான். ஆகாய கங்கையில் முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஒன்றுபோல் ஒன்று இல்லை, சில படிகள் முழங்கால் மடங்கும் உயரம். இறங்கும்போது மூச்சு வாங்காது. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையைத் தொடைத் தசைதான் தாங்கிப் பிடிக்கிறது. பாதி வழியிலேயே கால் நடுங்கத் தொடங்கும். கீழே குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் நின்று, ஈரத்துணியோடு, பசியோடு, அதே படிகளை ஏற வேண்டும். அங்கே முட்டி பிடித்துக்கொண்டால் தூக்கிக்கொண்டு வர வண்டி கிடையாது. சமதரையிலேயே நடந்து பழகிய நம் ஊர்க் கால்களுக்கு, ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் குறிப்பாக, இது பெரிய சோதனை.

புளியஞ்சோலையில் கணக்கு தலைகீழ். போகும்போது ஆற்றோடு மேல்நோக்கி நடக்கிறோம். களைத்தபின் திரும்புவது இறக்கமாக அமைகிறது. அதைவிட முக்கியம், எந்த இடத்திலும் நின்றுகொள்ளலாம். அப்பா முதல் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாலும் அவர் காலடியில் அதே ஆறுதான் ஓடுகிறது. இளவட்டங்கள் மட்டும் மேலே போய் வரலாம். ஆனால் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நாட்டாமடுப் பக்கம் போவதென்றால் வனத்துறையினரிடம் கேட்டுவிட்டே போக வேண்டும், தடுத்தால் மல்லுக்கட்டக்கூடாது.

நடப்பதில் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ஈர வரப்பில் நாம் கால்விரலை ஊன்றி நடப்போம். பாறையில் அப்படி ஊன்றினால் வழுக்கும். உள்ளங்கால் முழுவதும் படிய வேண்டும். வெளுத்து, சொரசொரப்பாக இருக்கும் கல்லில் கால் வைக்கலாம். கறுப்பும் பச்சையுமாக மினுங்குகிற கல்லில், அது தண்ணீருக்கு மேலே இருந்தாலும், வைக்கக்கூடாது. ஹவாய் செருப்பு வார் பிடுங்கிக்கொள்ளும். குதிகாலில் பட்டி உள்ள ரப்பர் சாண்டல் போதும். ஆற்றைக் குறுக்கே கடக்கும்போது முகம் நீர் வரும் திசையைப் பார்க்க, கம்பை முன்னால் ஊன்றிப் பக்கவாட்டில் அடி வையுங்கள். முழங்காலுக்கு மேல் இழுப்பு இருந்தால் கடக்க வேண்டாம்.

காவிரியிலும் வெண்ணாற்றிலும் நீந்திப் பழகியவர்கள்தான் இங்கே அதிகம் ஏமாறுவார்கள். அங்கே அடியில் மணல், கரை சரிவாக இறங்கும். இங்கே இடுப்பளவுத் தண்ணீருக்கு அடுத்த அடியே மடு, அதற்குள் பாறைப் பொந்து. மேலிருந்து குதிப்பது அறவே கூடாது. புளியஞ்சோலையின் உண்மையான குறை வேறொன்று: அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் மழை கொட்டியிருக்கலாம். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை எடுக்க நிற்காமல் கரையேற வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் படிப்பாதைதான் மேல். ஆகாய கங்கையில் அருவியருகே மட்டும்தான் இந்தப் பயம், நடக்கும் வழியில் இல்லை.

ஆடிப்பெருக்குக்குப் போகலாமென்று நம் பக்கத்தில் நினைப்பது இயல்பு. காவிரியின் ஆடி வெள்ளம் குடகு மழையில் வருவது. ஐயாற்றுக்கு கொல்லிமலை மழைதான். வடகிழக்குப் பருவமழை பிடித்த ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணீரை நம்பிப் போகலாம். ஆடியில் இடிமழை பெய்திருந்தால் ஓடும், இல்லாவிட்டால் பாறைதான். ஆடி 18ஐ ஒட்டி மலைமேல் வல்வில் ஓரி விழாக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கனமழை எச்சரிக்கை உள்ள நாளில் இரண்டு இடமும் வேண்டாம். மழை விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, நீர் தெளிந்தபின் போவது நல்லது. கைக்குழந்தையோடு போகலாமா என்றால் புளியஞ்சோலையின் கீழ்ப்பகுதி வரை சரி. அதற்கு மேல் உறுதியாகச் சொல்லத் தயங்குகிறேன்.

முட்டி நன்றாக இருக்கிறது, அருவியைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் முதல் நாள் மாலையே மலைமேல் உள்ள செம்மேட்டில் தங்கிவிட்டு, காலை வெயில் ஏறும் முன் படியிறங்குங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமும் ஏறும்போதுதான் தேவைப்படும். இறங்கும்போதே காலி செய்துவிடாதீர்கள். குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட வேண்டாம். புளியஞ்சோலைக்குப் பேருந்தில் போகிறவர்கள் இறங்கும்போதே துறையூருக்குத் திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை நடத்துனரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.