"லோபிக்கு வந்துட்டீங்களா, பாஸ்?": வயது வந்தோர் விளம்பரத் தளங்களில் பணம் பறிபோகும் விதம்

இந்தக் கேள்வி வாட்ஸ்ஆப்பில் வரும் நேரத்தில் பணம் இன்னும் கையில்தான் இருக்கும். அடுத்த அரை மணிக்குள் போய்விடும். கோலாலம்பூர், பினாங்கு என்று ஊர்ப்பெயர் போட்டு நடக்கும் வயது வந்தோர் வரிவிளம்பரத் தளங்களில் ஏமாந்தவர்கள் காட்டும் உரையாடல்களைப் பாருங்கள். ஆள் மாறும், பேச்சு வரிசை மாறாது. வெட்கத்தில் யாரும் வெளியே சொல்லமாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் நடக்கிற தொழில் இது. அங்கே போவது சரியா தப்பா என்ற பேச்சு இந்தப் பதிவில் இல்லை. பணம் எந்த இடத்தில் கைமாறுகிறது, ஏன் அங்கே மாறுகிறது என்பதுதான்.

பெண்ணைச் சந்திக்க விளம்பரத்தில் உள்ள எண்ணுக்குச் செய்தி அனுப்பினால், முதலில் பணமே கேட்கமாட்டார்கள். "நேரில் பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும்" என்பார்கள். கேட்பவருக்கு அங்கேயே பாதிச் சந்தேகம் போய்விடும். பிறகு ஒரு கொண்டோவின் (அடுக்குமாடிக் குடியிருப்பின்) லொக்கேஷன் வரும். கொண்டோ உண்மையானது. அதன் முகவரி யாருக்கும் வரைபடத்தில் கிடைக்கும், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததும் லோபியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அடையாளத்துக்கு என்று காரணம் சொன்னாலும், நீங்கள் நெரிசலில் கார் ஓட்டி, பார்க்கிங் காசு கட்டி, ஜாகாவின் (காவலாளியின்) பார்வைக்கு முன்னால் நிற்கிறீர்களா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. இவ்வளவு தூரம் வந்தவர் வெறுங்கையோடு திரும்ப யோசிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் படம் போன பிறகுதான் 'ஏஜென்ட்' பேச வருவார். "நீங்க போலீஸா இல்லையான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? பாதுகாப்பு டெப்பாசிட் பேங்க்-இன் பண்ணுங்க, மேலே வந்ததும் திருப்பித் தந்துடுவோம்." உதாரணத்துக்கு 200 ரிங்கிட் என்று வையுங்கள். அனுப்புவீர்கள். உடனே ஒரு கோளாறு முளைக்கும். ரெஃபரன்ஸில் எழுத்து தப்பு, சிஸ்டம் ஏற்கவில்லை, 500 ஆக ஒரே தடவையில் வரவேண்டியது இரண்டாகப் பிரிந்து வந்துவிட்டது, லிஃப்ட் கார்டுக்குத் தனி டெப்பாசிட். ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரே பரிகாரம்: முன்பு கட்டியதைவிடப் பெரிய தொகை. பெண்ணின் பேச்சே அதற்குப் பிறகு இருக்காது. முதலில் கட்டிய 200 ஐ மீட்க 500, அந்த 700 ஐ மீட்க 1,000 என்று ஏறும். இந்தக் கட்டத்தில் இருப்பவருக்கு ஆசை எப்போதோ போய்விட்டது. விட்டதைப் பிடிக்கிற வெறி மட்டும் மிச்சம். டெப்பாசிட் என்ற சொல்லே கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டதும் திரும்பி நடந்தால் போவது பார்க்கிங் காசு மட்டும்.

இனி ஊர் விஷயம். இந்தத் தளங்களில் விளம்பரம் போடுபவர் பட்டியலிலிருந்து ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார். அவ்வளவுதான். அதே படம், அதே வரிகள், அதே எண் கோலாலம்பூர்ப் பக்கத்திலும் பினாங்குப் பக்கத்திலும் ஜொகூர் பாருவிலும் ஒரே நாளில் ஏறலாம். 2018 மார்ச்சில் கிரேக்ஸ்லிஸ்ட் அமெரிக்காவில் தன் தனிநபர் விளம்பரப் பகுதியை மூடியது. அடுத்த மாதமே பேக்பேஜ் தளத்தை அமெரிக்க அரசு முடக்கியது. அதற்குப் பிறகு இந்த விளம்பரங்கள் பெயர் தெரியாத நகல் தளங்களிலும் டெலிகிராம் குழுக்களிலும் சிதறிக் கிடக்கின்றன. இங்கே ஒரு முகவரியைத் தடுத்தால் கடைசி எழுத்துகள் மாறிய இன்னொரு முகவரி வரும். 'சரிபார்க்கப்பட்டது' என்ற பச்சைக் குறியைக் காசு கட்டி வாங்கிக்கொள்ள விடும் தளங்களும் உண்டு. அந்தக் குறியை நம்புவது, லாட்டரி சீட்டில் சாமி படம் இருக்கிறதே என்று நம்புவதற்குச் சமம்.

ஊருக்கு ஊர் உண்மையில் மாறுவது பணம் போகும் குழாய். சிங்கப்பூரில் போலீஸ் இதற்கு 'கிரெடிட்-ஃபார்-செக்ஸ்' மோசடி என்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. அங்கே கடைகளில் அலிபே, ஐடியூன்ஸ் கார்டு வாங்கி எண்ணை அனுப்பச் சொல்வது பழைய முறை. ஹாங்காங்கில் விளையாட்டுப் பாயின்ட் கார்டு. அமெரிக்காவில் பரிசு அட்டை. சென்னையில் யூபிஐ கியூஆர். நம் மலேசியாவில் இரண்டு குழாய். ஒன்று டூயிட்நாவ், கைப்பேசி எண்ணுக்கோ கணக்குக்கோ உடனே பணம் அனுப்பும் பேங்க் சேவை. பணம் அந்த நொடியே போய்ச் சேரும், திரும்ப இழுக்க வழியில்லை. மற்றது 24 மணி நேரக் கடைகளில் விற்கும் ரீலோட் பின், அதாவது கணக்கில் காசு ஏற்றும் எண். "சிலிப்பைக் கிழிக்காமல் அப்படியே படம் எடுத்து அனுப்புங்க" என்பார்கள். பின் எண் கண்ணில் பட்ட மறு நிமிடம் அதன் மதிப்பு வேறொருவர் கணக்கில் ஏறிவிடும். பேங்க் கணக்கிலாவது ஒரு பெயர் மிஞ்சும். பின் எண்ணில் துப்பு அதைவிடக் குறைவு. அதனால்தான் பேங்க்-இன் செய்யத் தயங்குகிறவரைக் கடைக்கு அனுப்புகிறார்கள்.

டூயிட்நாவில் அனுப்பும் முன் திரையில் பெறுபவர் பெயர் வரும். பலர் அதை வாசிக்காமலே அழுத்திவிடுகிறார்கள். பேசியது ஒரு பெண், ஏஜென்ட் சொன்னது ஒரு பெயர், திரையில் வருவது எங்கோ இருக்கும் மூன்றாவது ஆள். அந்த மூன்றாவது ஆள் பெரும்பாலும் கணக்கை வாடகைக்கு விட்டவர். ஏடிஎம் கார்டும் பின் எண்ணும் கொடுத்தால் மாதம் சில நூறு ரிங்கிட் என்ற பேச்சை நம்பிய மாணவராகவோ வேலையில்லாத பையனாகவோ இருக்கக்கூடும். வீட்டில் இளையவர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள்: 2024 இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 424ஏ முதலான பிரிவுகள் இந்தக் கணக்கு வாடகையையே குற்றமாக்குகின்றன.

கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்க்கலாம். புகார் வந்த எண் என்றால் காட்டும். காட்டவில்லை என்றால் இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்று மட்டுமே பொருள். சுத்தமான எண் என்று எடுத்துக்கொண்டு பணம் அனுப்பாதீர்கள்.

எங்கிருந்தோ எழுதுகிறவர் ஊரில் தடுக்கி விழுவார். பினாங்குப் பக்கத்தில் 'எல்ஆர்டியிலிருந்து நடை தூரம்' என்று இருக்கும். பினாங்கில் எல்ஆர்டி ரயில் இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது, ஓடவில்லை. கோலாலம்பூர் விளம்பரத்தை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். அக்கரையில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்கு வருவதாகச் சொல்லி, பாலத்தின் டோல் போக ஒரு தொகை, வர ஒரு தொகை என்று முன்பணம் கேட்பார்கள். பினாங்குக்காரர் யாரும் இப்படிக் கேட்கமாட்டார். டோல் தீவுக்குப் போகும் திசையில் மட்டும்தான். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் அதுவும் இல்லை. கோலாலம்பூரில் மாடி எண்ணைக் கேட்டுப் பாருங்கள். நான்கு வராத கொண்டோக்கள் இங்கே நிறைய. நான்காம் மாடி 3ஏ, பதினான்காம் மாடி 13ஏ. நேராக "14-வது மாடி" என்று பதில் வந்து, லிஃப்டில் அப்படியொரு பொத்தானே இல்லாமல் போகலாம்.

ஆனால் இந்தச் சோதனைகள் ஒரு பக்கம்தான் வெட்டும். தப்பாகச் சொன்னால் பொய் என்று தெரியும். சரியாகச் சொன்னால் எதுவும் தெரியாது. ஊர்க்காரரே ஏமாற்றலாம், கூகுளில் பார்த்தும் சொல்லலாம். படத்தைத் தேடிப் பார்ப்பதும் அப்படித்தான். இடவலம் புரட்டியோ ஓரம் வெட்டியோ போட்ட படம் தேடலில் சிக்காமல் போகக்கூடும். அந்தப் படத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தன் படம் இங்கே இருப்பதே தெரியாமல் இருக்கும், அது தனிக் கொடுமை.

பணம் நின்றதும் மிரட்டல். "பெண்ணின் நேரத்தை வீணாக்கிட்டே, எங்க கேங் உன் வீட்டுக்கு வரும்" என்று ரத்தப் படங்களோடு செய்தி வரும். அதில் உங்கள் முழுப்பெயர் இருப்பதைப் பார்த்துத்தான் பலரும் உடைகிறார்கள். பெயர் எப்படிக் கிடைத்தது? உங்கள் கைப்பேசி எண்ணை டூயிட்நாவில் பதிந்திருந்தால், அந்த எண்ணைப் பணம் அனுப்பும் திரையில் தட்டுகிற எவருக்கும் உங்கள் பெயர் தெரியும். ஒரு சென்கூட அனுப்பத் தேவையில்லை. பெயரை வைத்து ஃபேஸ்புக், ஃபேஸ்புக்கை வைத்து மனைவி, அண்ணன், வேலையிடம். இவ்வளவும் ஐந்து நிமிட வேலை. வீட்டு வாசலில் ஆள் நிறுத்திக் கண்டுபிடித்தது அல்ல. டூயிட்நாவில் எண்ணைப் பதிந்திருப்பதை பேங்க் செயலியிலேயே நீக்கலாம். ஃபேஸ்புக் நண்பர் பட்டியலை மறைத்து வையுங்கள். மிரட்டலுக்கு ஒரு தடவை கொடுத்தால், கொடுக்கக்கூடியவர் என்று குறித்துக்கொண்டு மறுபடி வருவார்கள்.

வீடியோ கால் கதை இன்னும் சுருக்கம். எதிர்ப்பக்கம் ஓடுவது முன்பே எடுத்த படம், உங்கள் பக்கம் பதிவாகிறது, பிறகு அந்தப் பதிவைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பார்கள். இதற்கும் அதே பதில்: பணம் அனுப்பாதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள், எண்ணைத் தடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

'வயது சரிபார்ப்பு, இலவசம்' என்று கார்டு எண் கேட்கும் பக்கங்கள் மாதாமாதம் பிடிக்கும் சந்தாவில் கொண்டுபோய் விடும். 'புக்கிங் செயலி' என்று ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடவே தொடாதீர்கள். வீட்டுச் சுத்தம் செய்யும் சேவை என்ற பெயரில் இங்கே பலரின் கணக்கைக் காலி செய்தது இதே வித்தை. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி வாங்கி ஓடிபியைத் திருடும். 2022 இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடச் சொல்லி பேங்குகளுக்கு உத்தரவிட்டதற்கு இத்தகைய திருட்டும் ஒரு காரணம்.

இந்தத் தளங்களின் பக்கமே போகாதவர்களும் மாட்டுகிறார்கள். பழைய காதலனோ, கடன் தகராறில் ஆலோங்கோ (சட்டவிரோத வட்டிக்காரரோ), ஒரு பெண்ணின் எண்ணை விளம்பரமாகப் போட்டுவிட்டால் இரவு முழுக்க அழைப்பு வரும். எண்ணை மாற்றும் முன் அந்தப் பக்கத்தின் முழு முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்கவேண்டும். பக்கம் போய்விட்டால் ஆதாரம் போச்சு. 1998 தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-வது பிரிவைச் சொல்லிப் போலீஸிலும் தொடர்பு பல்லூடக ஆணையத்திலும் புகார் செய்யலாம். அதே தளங்களில் 'ஸ்பா வேலை, தங்குமிடம் இலவசம், சம்பள முன்பணம்' என்ற விளம்பரங்களும் இருக்கும். போனதும் பாஸ்போர்ட்டையோ ஐசியையோ (அடையாள அட்டையையோ) வாங்கி வைத்துக்கொண்டால் அது வேலை இல்லை. யாராவது அப்படிச் சிக்கியிருந்தால் தாலியான் காசே உதவி எண் 15999, ஆபத்து உடனடி என்றால் 999.

பணம் போய்விட்டதா? நேரம்தான் எல்லாம். போன பணம் சில நிமிடங்களில் இன்னொரு கணக்குக்கும், அங்கிருந்து மற்றொன்றுக்கும் தாவும். உடனே உங்கள் பேங்கின் மோசடி அவசர எண்ணையும் 997 ஐயும் அழையுங்கள். 997 என்பது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையம். போன கணக்கு எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்கட்டும். பிறகு பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் ரிப்போட். சம்பவம் பினாங்கில் நடந்து நீங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருந்தாலும் அங்கேயே கொடுக்கலாம். வாட்ஸ்ஆப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். விளம்பர முகவரி, ரெசிட், பின் வாங்கிய கடைச் சிலிப் எல்லாம் சேர்த்து. ஏமாற்றுக்கு 420, மிரட்டிப் பணம் பறித்ததற்கு 384 என்று தண்டனைச் சட்டத்தில் பிரிவுகள் இருக்கின்றன. 'ஆன்லைனில் போன் வாங்கினேன்' என்று கதை மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. உரையாடலும் ரிப்போட்டும் பொருந்தாமல் வழக்கு அங்கேயே நொண்டும், பொய் ரிப்போட் தனித் தலைவலி. எதை எப்படிச் சொல்வது என்று பயமிருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆனால் பேங்குக்கும் 997 க்கும் அழைப்பதை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு அழைப்பு வரக்கூடும். இழந்த பணத்தை மீட்டுத் தரும் நிறுவனம், வழக்கறிஞர் குழு, சில நேரம் 997 அதிகாரி என்றே சொல்வார்கள். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் என்று சரியாகச் சொல்வார்கள். முதலில் பணம் எடுத்தவர்களிடமிருந்து பட்டியல் கைமாறியிருந்தால் சொல்வதில் ஆச்சரியம் என்ன? கட்டணம் முன்கூட்டியே என்பார்கள். உண்மையான 997 உங்களிடம் எந்தக் கட்டணமும் கேட்காது.