தீசிஸ் பைண்டிங் கடை: வேலை சுத்தம், தமிழுக்கு மட்டும் நீங்களே காவல்

கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு முடித்தவர்கள் மூன்று பேர், "எங்கே பைண்டிங் பண்ணுனீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன்.

கடைப் பெயர் எனக்கே தெரியாது. பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது, மீதியை வெயில் தின்றுவிட்டது. யுனிவர்சிட்டி எல்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, வளாகத்துக்குள் போகும் டி789 பஸ்ஸை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். கீழே மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை), மேலே இது. கார் நிறுத்த இடம் தேடினால் அன்றைய நாள் போச்சு.

நான் முதலில் அங்கே போனது 1994-இல். இந்திய ஆய்வியல் துறையில் கடைசி ஆண்டு, கையில் லத்திஹான் இல்மியா, அதாவது இளங்கலை ஆய்வேடு. அப்போது ஒரு பிரதிக்கு எட்டு வெள்ளி (ரிங்கிட்டைத்தான் அப்படிச் சொல்வோம்) கொடுத்த ஞாபகம். அடுத்து போனது போன வருஷம், ஐம்பத்து மூன்று வயதில், முதுகலை ஆய்வேட்டோடு. இப்போது கெட்டி அட்டைக்கு 45 ரிங்கிட். வளாகத்துக்குப் பக்கத்தில் இதைவிட மலிவாகக் கிடைக்கும், ஆனால் அங்கே வெறும் பசைதான். இவர் நூலால் தைத்துக் கட்டுகிறார். நடுப்பக்கத்தை விரித்து மேசையில் வைத்தால் விரித்தபடியே கிடக்கும். சும்மா சொல்லவில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீ மூடா வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது என் 1994 பிரதி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அட்டை அப்பளம் மாதிரி உப்பிவிட்டது, பக்கங்கள் பழுப்பேறிவிட்டன, தையல் மட்டும் ஒரு இழை விடவில்லை.

கடைக்காரர் சீன அங்கிள், எழுபதைத் தாண்டியவர். நான் ஆசிரியை என்று தெரிந்ததிலிருந்து என்னை "சிகு" என்றுதான் கூப்பிடுவார். கடை அவருடைய அப்பா 1964-இல் ஆரம்பித்தது. பல்கலைக்கழகமே அப்போது இங்கே புதுசு. 1949-இல் சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்துத் தொடங்கியது அது. 1959-இல் கோலாலம்பூருக்கு ஒரு பிரிவு வந்தது, 1962-இல் தனிப் பல்கலைக்கழகமானது. "யூனி வந்தா தீசிஸ் வரும், தீசிஸ் வந்தா அட்டை வேணும்" என்று அப்பா கணக்குப் போட்டாராம்.

அட்டை காயும் நேரத்தில் அங்கிளிடம் இழுப்பறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முதுகிலே பெயர் பதிக்க இன்னும் பித்தளை எழுத்துகளைத்தான் ஒவ்வொன்றாகக் கோக்கிறார். அந்த எழுத்துகள் அவர் அப்பா வாங்கியவை, பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில். எழுபதுகளில் பாடம் படிப்படியாக மலாய்க்கு மாறியபோது இவர்கள் ஒரு எழுத்துகூடப் புதிதாக வாங்கவில்லை. மலாயை எழுதும் ரூமியும் அதே ஆங்கில எழுத்துதானே. ஆனால் மலாயில் அடிக்கடி வரும் 'கே' மட்டும் தேய்ந்து இரண்டு முறை மாற்றியிருக்கிறார். 'எக்ஸ்', 'க்யூ' இரண்டும் நாற்பது வருஷம் வாங்கிய மேனிக்கு மினுமினுவென்று கிடந்தன. இப்போதுதான் அவற்றுக்குப் பிழைப்பு வந்திருக்கிறதாம். சீனாவிலிருந்து வரும் மாணவர்கள் பெயரில் எக்ஸும் க்யூவும் இல்லாத நாளே இல்லை. நம்மூர்ச் சீனர்கள் டான், லிம் என்று ஹொக்கியன் என்ற தென்சீன வட்டார மொழி உச்சரிப்பில் எழுதுகிறவர்கள். அவர்களால் அந்த எழுத்துக்கு வேலையே இருந்ததில்லை.

பழைய ஆர்டர் புத்தகங்களையும் அவர் தூக்கிப் போடவில்லை. நான் கேட்டதும் கட்டோடு எடுத்துப் போட்டார், தூசியில் இரண்டு பேரும் தும்மினோம். அறுபதுகளின் பக்கங்களில் சீனப் பெயர்கள், நம்மவர் பெயர்கள், யாழ்ப்பாணத்தார் பெயர்கள். இடையிடையே ஒரு 'பின்' (மலாய்ப் பெயரில் 'இன்னாரின் மகன்', மகளுக்கு 'பிந்தி'). அந்தக் காலத்தில் மலாய் மாணவர்கள் அங்கே சிறுபான்மை, அறிவியல் பொறியியல் பக்கம் இன்னும் குறைவு. 1969 மே இனக்கலவரத்துக்குப் பிறகு கதை மாறியது. 1971-இல் அரசியலமைப்பின் 153ஆம் விதியில் ஓர் உட்பிரிவு சேர்த்தார்கள். இடம் போதாத படிப்புகளில் மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கச் சொல்ல மாமன்னருக்கு அதிகாரம் வந்தது. ஆர்டர் புத்தகத்தில் அது உடனே தெரியவில்லை. சேர்ந்தவர்கள் படித்து முடிக்க வேண்டுமே! எழுபதுகளின் பின்பாதியில்தான் 'பின்', 'பிந்தி' வரிசைகட்ட ஆரம்பிக்கின்றன. கிளந்தான், திரங்கானு கிராமத்து முகவரிகள். அவர்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவர்களாகத்தான் இருப்பார்கள். எங்கள் வீட்டில் நான் முதல் என்பதால், அந்தப் பக்கங்களைப் புரட்டும்போது எனக்குக் கோபமாக வரவில்லை. கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

2002-இல் கோட்டாவை எடுத்துவிட்டுத் தகுதி முறை என்றார்கள். பல்கலைக்கழகத்துக்கு எஸ்டிபிஎம் என்ற உயர்நிலைத் தேர்வு ஒரு வாசல், மெட்ரிகுலேஷன் என்ற அரசு முன்படிப்பு இன்னொரு வாசல். வேறு வேறு பரீட்சை எழுதியவர்களை ஒரே தராசில் நிறுத்தார்கள். மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பூர்வகுடியினரும்) அல்லாதவர்களுக்கு நூற்றுக்குப் பத்து இடம். எங்கள் ஆசிரியர் அறையில் இதைப் பேசித் தேநீர் ஆறாத வருஷம் கிடையாது. 2024-இல், பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மில் பத்து ஏ எடுத்தால் எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் என்று பிரதமர் அன்வார் அறிவித்தார். அவரும் இதே பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வியல் படித்தவர்தான். பத்துக்கு ஒன்று குறைந்த பிள்ளை என்ன செய்யும் என்று கேட்க எங்கள் அறையில் ஆள் இருக்கிறது.

சரி, கடைக்கு வருவோம். இரண்டாயிரத்துக்குப் பிறகான புத்தகங்களில் ஈரான், ஈராக், ஏமன், நைஜீரியா. இப்போது பாதிப் பக்கம் சீனா. கல்லாவில் வீசேட், அலிபே ஒட்டியிருக்கிறது, விலைப்பட்டியலில் சீன எழுத்து. அங்கிளுக்குச் சீனம் பேச வரும், வாசிக்கத் தடுமாறுவார். விலைப்பட்டியலை ஒரு மாணவிதான் எழுதிக் கொடுத்தாளாம்.

தமிழுக்கு இழுப்பறை கிடையாது. தமிழ்த் தலைப்பு வேண்டுமென்றால் தனியாக பிளாக் (அச்சு) வெட்ட வேண்டும், அதற்கு 15 ரிங்கிட் கூடுதல். தயங்காமல் கொடுத்தேன். துறை தொடங்கிய 1956 வாக்கில் தமிழுக்கு இடமா சமஸ்கிருதத்துக்கா என்ற தகராறு எழுந்து, 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தோட்டத்து ஆட்களெல்லாம் கொடுத்தார்கள். எங்கள் தாத்தாவும் சம்பள நாளில் ஒரு வெள்ளி கொடுத்தார் என்று அப்பா சொல்வார். தாத்தாவுக்கு வாசிக்கத் தெரியாது.

என் தலைப்பில் 'பெண்கள்' என்ற சொல் இருந்தது. மூன்று நாள் கழித்துப் போனால் நாலு பிரதியும் பளபளவென்று தயார். பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. 'ப'வுக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய், 'ண்'ணை முட்டிக்கொண்டு நிற்கிறது. கூடவே யாரும் கேட்காத ஒரு புள்ளி வட்டம், அதுவும் தங்கத்தில். நான் கொடுத்த வேர்ட் கோப்பை அங்கே படம் வரையும் மென்பொருளில் ஒட்டியிருக்கிறார்கள், அது தமிழைப் பிரித்துப் போட்டுவிட்டது. எந்திரம் ஓட்டும் மலாய்ப் பையன் அப்பாவியாக, "சந்திக் அபா, சிகு" (அழகாத்தானே இருக்கு, டீச்சர்) என்றான். அவன் கண்ணுக்கு அழகாகத்தான் இருந்திருக்கும். 1966 ஏப்ரலில், எங்கள் துறையில் இருந்த தனிநாயகம் அடிகளார் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கூட்டிய ஊரில் ஒரு ஒற்றைக்கொம்புக்கு இந்த நிலைமை.

அங்கிள் முதலில் புது பிளாக்குக்குக் காசு கேட்டார். கோப்பு நீங்கள் கொடுத்ததுதானே என்றார். பதிக்கும் முன் மாதிரியை ஏன் அனுப்பவில்லை என்று நான் கேட்டேன். மாமாக் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்க்கும் அளவுக்குப் பேச்சு நீண்டது. கடைசியில் அட்டை அவர் கணக்கு, பிளாக் என் கணக்கு. இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார். இந்த முறை கொம்பு தன் இடத்தில் நின்றது.

ஆகவே தலைப்பை எழுத்துகளை உருவமாக மாற்றிய பிடிஎஃப் கோப்பாகவே கொடுங்கள், வேர்ட் வேண்டாம். பிளாக் வெட்டும் முன் படம் அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை முறை கேட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். முதுகில் அப்பா பெயரையும் சேர்த்துப் போட ஆசைப்படாதீர்கள். நம் பெயர்களுக்கு முதுகு போதாது, அவர் எழுத்தைச் சிறிதாக்கி ஒப்பேற்றிவிடுவார்.

போன மாதம் என் அண்ணன் மகள் தன் ஆய்வேட்டோடு போயிருக்கிறாள். பாழான என் அட்டை ஒன்று எந்திரத்துக்கு மேலே ஆணியில் தொங்குகிறதாம். அவள் தமிழ் என்றதும் பையன் அதைக் காட்டி, "பிடிஎஃப் இருக்கா?" என்று கேட்டானாம்.

வெள்ளிக்கிழமை ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை எந்திரம் ஓடாது, பையன் தொழுகைக்குப் போய்விடுவான். அந்த நேரத்தில் போனால் அங்கிள் பேசிக்கொண்டே இருப்பார், வேலை நடக்காது.