ஒருநாள் கிரிக்கெட் திறன்காண் முகாம்: வேகப்பந்துக்காரருக்கு ஓம், மற்றவர்கள் யோசித்துக் கட்டுங்கள்

மட்டக்களப்பு நகரத்தில் பாடசாலை மைதானமொன்றை எடுத்து, வெளியூர்ப் பயிற்றுநர்களைக் கூட்டிவந்து, 13 முதல் 19 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் பயிற்சியகம் ஒன்று நடத்தும் முகாம் இது. காலையில் பதிவும் உடற்தகுதிச் சோதனையும், பிறகு வலைப்பயிற்சி, களத்தடுப்பு, பின்னேரம் சின்ன ஆட்டம் ஒன்று. முடிவில் ஓர் அறிக்கைத் தாள், சில நாளில் வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ. கட்டணம், நடுத்தரமான கால் பேட்ஸ் ஒரு சோடி வாங்கும் காசுக்குக் கிட்ட வரும். கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பஸ் காசும் சாப்பாடும் அதற்கு மேல். பெயரை விட்டுவிடுகிறோம். கிழக்கில் இதே அச்சில் நடக்கும் மற்ற முகாம்களுக்கும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

வேகப்பந்து வீசும் பிள்ளைக்குக் கட்டின காசு பெறும். துடுப்பாட்டக்காரருக்கு அரைவாசி. சுழற்பந்துக்காரருக்கும் விக்கெட் காப்பாளருக்கும் இந்த வடிவத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. இலகுவாக அளக்கக்கூடியதை முகாம் ஓரளவு நன்றாக அளக்கிறது. ஒரு தெரிவாளர் மணிக்கணக்கில் இருந்து பார்த்து முடிவெடுக்கிற விடயங்களுக்கு அங்கே நேரமே இல்லை.

பெற்றோர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது, இது அணித் தெரிவு இல்லை என்பதை. இலங்கை பாடசாலைகள் கிரிக்கெட் சங்கத்தின் போட்டிகள், மாவட்ட அணி, மாகாண அணி என்ற படிகளில்தான் இளையோர் தேசிய அணிக்கான வழி போகிறது. தனியார் முகாம் யாரையும் அந்தப் படியில் தூக்கி வைக்க முடியாது. சுவரொட்டியில் கொழும்புக் கழகம், வெளிநாட்டு வாய்ப்பு என்றெல்லாம் இருந்தால், காசு கட்ட முன்னம் மூன்று கேள்வி கேளுங்கள். பார்க்க வருகிறவர் இப்போது எந்த அணிக்குப் பொறுப்பாக இருக்கிறார்? அறிக்கை பிள்ளையைத் தவிர வேறு யாருக்குப் போகும்? வீடியோவை யார் வைத்திருப்பார்கள், விளம்பரத்துக்குப் போடுவார்களா? இந்த முகாமில் முதல் கேள்விக்கு மட்டும்தான் நேரான பதில் கிடைத்தது.

உடற்தகுதிச் சோதனையில் 60 யார் ஓட்டம் வைக்கிறார்கள். இது அமெரிக்க பேஸ்போல் முகாம்களிலிருந்து அப்படியே எடுத்தது. அங்கே ஆட்டக்காரர் வரிசையாக நின்று 60 யார் ஓடுவதும், கருவி வைத்து எறிவேகம் பார்ப்பதும் நீண்டகால வழக்கம். அமெரிக்காவிலிருந்து வந்த விளையாட்டை மட்டக்களப்பு மறுக்கிற ஊர் இல்லை. வெபர் அடிகளாரைப் போன்ற அமெரிக்க இயேசுசபைத் துறவிகள் புனித மிக்கேல் கல்லூரியில் ஊன்றிய கூடைப்பந்து இன்னும் நிற்கிறது. ஆனால் 60 யார் என்பது ஏறக்குறைய 55 மீற்றர். கிரிக்கெட்டில் துடுப்புக் கோட்டிலிருந்து எதிர்க் கோட்டுக்கு 17.68 மீற்றர்தான், அதையும் துடுப்பைக் கையில் பிடித்து, பேட்ஸ் கட்டிக்கொண்டு, திரும்பி ஓட வேண்டும். நேராக 55 மீற்றர் பறக்கிற பிள்ளை இரண்டாவது ஓட்டத்துக்குத் திரும்பும்போது இரண்டு எட்டு அதிகம் வைத்தால் வேகத்தில் பிரயோசனம் இல்லை. துடுப்போடு மூன்று ஓட்டம் எடுக்கும் நேரத்தை அளந்தால் அந்தத் தாள் உண்மையில் எதையாவது சொல்லும். தூர ஓட்டம் வைக்கவில்லை. இலங்கை அணி வீரருக்கு 2022 இல் 2 கி.மீ. ஓட்டத்துக்கு 8 நிமிடம் 10 வினாடி என்று எல்லை வைத்தது பெரிய பேச்சானது. அதை வீட்டுக்குப் பக்கத்து மைதானத்திலேயே ஒரு மணிக்கூட்டோடு பார்க்கலாம், காசு தேவையில்லை.

இனி வேகக் கருவி. பிள்ளைகள் வருவதே இதற்குத்தான்.

கருவி நல்ல கருவி. வைத்த இடம்தான் பிழை. காலையில் முதல் குழுவுக்கு, மர நிழல் இருக்கிற பக்கமாக, ஆடுகளத்துக்குச் சாய்வாக வைத்திருந்தார்கள். ரேடார் தன்னை நோக்கி வரும் வேகத்தையே அளக்கும். பந்தின் பாதைக்கு 10 பாகை விலகினால் ஒன்றரை வீதம்தான் குறையும், கணக்கில் எடுக்கத் தேவையில்லை. 20 பாகை விலகினால் 6 வீதம் போகும்: மணிக்கு 110 கி.மீ. வீசும் பிள்ளைக்குத் தாளில் 103 விழும். மதியத்துக்குப் பிறகு கருவியைக் காப்பாளருக்குப் பின்னால், வலைக்கு வெளியே நேர்கோட்டில் மாற்றினார்கள். ஆகவே காலைக் குழுவின் இலக்கத்தையும் பின்னேரக் குழுவின் இலக்கத்தையும் ஒப்பிட்டு வீட்டில் சண்டை பிடிப்பதில் அர்த்தமில்லை. பந்து கையை விட்ட உடனே எடுத்த வேகமா, தரையில் பட்ட பிறகு எடுத்ததா என்றும் கேட்க வேண்டும். பட்ட பிறகு வேகம் நன்றாக விழுந்துவிடும். போன் வீடியோவில் கணக்குப் பார்க்கும் செயலிகளை நம்பாதீர்கள். வினாடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில் பந்து போய்ச் சேர ஏறத்தாழ 18 படம். ஒரு படம் தவறினாலே 5 வீதத்துக்கு மேல் பிழை வரும்.

காற்றையும் பாருங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று எழும்பினால் ஒரு முனையிலிருந்து வீசுகிறவருக்குத் தள்ளிக்கொடுக்கும், மற்ற முனையில் நெஞ்சில் அடிக்கும். எந்த முனை என்று தாளில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதி வையுங்கள். பந்தின் நிறையும் முக்கியம். வளர்ந்த ஆண்களின் பந்து 155.9 முதல் 163 கிராம், 13 வயதுக்குட்பட்டோருக்கு 133 முதல் 144 கிராம். சின்னப் பிள்ளைகள் பெரிய பந்தை வீசினால் கை விழும், வேகமும் குறையும். இங்கே எல்லாருக்கும் ஒரே பெட்டிப் பந்துதான்.

ஆளுக்கு 12 பந்து கிடைக்கும். முதல் மூன்று சூடேற்ற, மற்றவைதான் கணக்கு என்று சொல்லுவார்கள், ஆனால் வரிசை நீண்டால் அந்த மூன்றும் காணாமல் போகும். வரிசையில் நிற்கும்போதே 15 நிமிடம் தோளையும் இடுப்பையும் சூடாக்கி, யாராவது தோழனுக்கு மெதுவாக எட்டுப் பத்துப் பந்து போட்டுவிட்டுப் போங்கள். ஓட்டத் தூரத்தை வீட்டில் அளந்து, காலடிக் கணக்கு வைத்து, மைதானத்தில் சுண்ணாம்பால் அல்லது சப்பாத்து நுனியால் குறி போடுங்கள். புது இடத்தில் கண்ணளவுக்கு ஓடி வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் முதல் ஓவரிலேயே கோட்டைத் தாண்டி மிதிக்கிறார்கள். பார்க்கிறவர் அதை வேகத்துக்கு முன்னால் எழுதுவார்.

மென்பந்தில் வளர்ந்த கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாய்ந்தமருது, காத்தான்குடி, வாழைச்சேனை, எங்கே போனாலும் பின்னேரத்தில் நடப்பது மென்பந்து ஆட்டம். அந்தப் பந்து இலேசு என்பதால் முழங்கையைச் சுண்டி வேகம் எடுக்கும் பழக்கம் வந்துவிடும். கடினப்பந்தில் அதே சுண்டல் எறிபந்தாகத் தெரியும். சர்வதேச கிரிக்கெட் சபை விட்டிருக்கும் எல்லை 15 பாகை நிமிர்வு. அதை வெறுங்கண்ணால் அளக்க முடியாது, அதற்குரிய கூடத்தில் பல கமராக்கள் வைத்து அளப்பார்கள். இந்த முகாம் அறிக்கையில் ‘கை சரி’ என்று ஒரு பெட்டியில் கோடு போட்டிருப்பது ஒரு பயிற்றுநரின் அபிப்பிராயம், அவ்வளவுதான். ஆனால் சந்தேகம் என்று ஒருவர் சொன்னால் அலட்சியம் செய்யாதீர்கள். 14 வயதில் மாற்றலாம், 18 இல் மாற்றுவது பெரிய பாடு.

முகாமின் மோசமான பகுதியும் வேகப்பந்துக்காரருக்குத்தான். காலையில் கருவிக்கு 12 பந்து, பிறகு துடுப்பாட்டக்காரருக்கு வலையில், பின்னேர ஆட்டத்தில் மூன்று ஓவர், முடிவில் நல்ல இலக்கம் வந்த பிள்ளைகளை வீடியோவுக்காக இன்னொரு தரம். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. இங்கிலாந்து கிரிக்கெட் சபையின் வழிகாட்டலில் 13 வயது வரை ஒரு தடவைக்கு 5 ஓவர், நாளுக்கு 10. 14, 15 வயதுக்கு 6 ஓவரும் 12 உம். 16, 17 வயதுக்கு 7 உம் 18 உம். வலையில் வீசுவதையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வளர்கிற முதுகெலும்பில் வெடிப்பு வருவது இப்படி அளவுக்கு மீறி வீசித்தான். முந்தின நாள் கழக ஆட்டத்தில் வீசிய பிள்ளையைக் கொண்டுபோகவே வேண்டாம். வலையில் ‘இன்னும் ஆறு பந்து போடு தம்பி’ என்றால், ‘சேர், இண்டைக்கு எட்டு ஓவர் முடிஞ்சுது’ என்று சொல்லப் பிள்ளைக்குப் பழக்கி அனுப்புங்கள். அதற்காக யாரும் புள்ளி குறைக்க மாட்டார்கள்.

துடுப்பாட்டக்காரருக்குப் பத்து நிமிட வலை. ஆடுகளம் மெற்றிங், அதாவது தரையில் விரிக்கும் பாய். கிழக்கில் பெரும்பாலான பிள்ளைகள் பழகியதும் அதில்தான் என்பதால் அதிர்ச்சி இல்லை, ஆனால் அன்று மெற்றிங்கை இறுக்கி ஆணி அடிக்கவில்லை. நல்ல நீளத்தில் விழும் இடத்தில் ஒரு மடிப்பு எழும்பி நின்றது. அதில் பட்ட பந்து ஒருவருக்கு முழங்காலுக்கு வரும், அடுத்தவருக்குத் தோளுக்கு. அப்படிக் கண்டால் ஆட முன்னம் நின்று சொல்லுங்கள், இழுத்து அடிக்க இரண்டு நிமிடம் போதும். சப்பாத்தில் இறப்பர் குமிழ் போதும். இரும்பு முள் மெற்றிங்கைக் கிழிக்கும், காலும் சிக்கும். ஹெல்மெட்டைப் பொதுப் பையில் எடுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். அளவு பொருந்தாமல் நெற்றிக்கு இறங்கும் ஹெல்மெட்டில் பந்தே தெரியாது. வலைக்குள் எதைக் காட்டுவது என்றால், சிக்ஸர் இல்லை. வலையில் எல்லாரும் தூக்கி அடிக்கிறார்கள், ஆகவே அது யாருடைய கண்ணிலும் படாது. வெளியே போகிற பந்தை விட்டுவிடுவது, முன்காலை நேராக வைத்துத் தடுப்பது, குறுக்கே இழுக்காமல் நேராக அடிப்பது இவைதான் கவனிக்கப்படும். மெற்றிங்கில் பந்து எழும்பும் என்று பின்காலிலேயே நிற்கிற பிள்ளை புல் ஆடுகளத்துக்குப் போனதும் தாழ வரும் பந்தில் எல்பிடபிள்யூ ஆகும். பயிற்றுநர் ஒருவர் இதைக் கண்டு நின்று திருத்தினார். அன்றைய நாளில் துடுப்பாட்டப் பக்கம் கிடைத்த உருப்படியான விடயம் அதுவே.

களத்தடுப்பு எதிர்பாராத நல்ல பகுதி. தாழ வரும் பந்து, உயரப் பிடி, எல்லையிலிருந்து ஒரு துள்ளலில் காப்பாளர் கைக்கு எறிவது, எல்லாம் ஒழுங்காக, ஆளுக்கு நிறையத் தடவை. மென்பந்துப் பிள்ளைகள் இங்கே எறிவதில் மின்னுவார்கள், பிடிப்பதில் முகத்தைத் திருப்புவார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே கடினப்பந்தில் நாளுக்கு 40, 50 பிடி எடுத்துப் பழகினால் அந்தப் பயம் போகும். சுழற்பந்துக்காரரையும் காப்பாளரையும் பற்றி எழுத அதிகம் இல்லை. மெற்றிங்கில் 12 பந்து வைத்து சுழற்பந்தை யாரும் எடைபோட முடியாது, காப்பாளர்களுக்குத் தனி நேரமே ஒதுக்கவில்லை.

வெயில் கடும் வெயில், நிழல் ஒரு பக்கம் மட்டும். தண்ணீர்த் தாங்கி ஒன்று வைத்திருந்தார்கள், மதியத்தோடு வெறுமை. ஆளுக்கு மூன்று லீற்றர் கொண்டுபோங்கள். அதில் ஒரு லீற்றரில் ஜீவனி (உடலின் நீரிழப்பை ஈடுசெய்யும் தூள்) ஒரு பைக்கற்றைச் சரியான அளவில் கரையுங்கள். அரைப் போத்தலில் முழுப் பைக்கற்றைக் கொட்டினால் தாகம் கூடும், வயிறும் குழம்பும். விடிய இடியப்பமும் சொதியும் போதும், பிட்டும் இறைச்சியும் ஆட்டம் முடிந்த பிறகு. பிறப்புச் சான்றிதழின் பிரதி, அதிபரின் கடிதம், பிள்ளையின் பழைய காயங்கள் எழுதிய ஒரு துண்டு ஆகியவை பையில் இருக்கட்டும். படிவத்தில் காயம் பற்றிக் கேட்கவே இல்லை, நீங்களே கொடுக்க வேண்டும்.

வெளியூர்ப் பயிற்றுநர்கள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பேசினார்கள். தமிழ் தெரிந்த உதவியாளர் ஒருவர் இருந்தார், ஆனால் வலைகளோ மூன்று. விளங்காவிட்டால் தலையாட்டாமல், செய்து காட்டச் சொல்லிக் கேட்பதே வழி. பெற்றோர் வலைக்குப் பின்னால் நின்று ‘கையை உயர்த்து மகன்’ என்று கத்தினால் பிள்ளை பயிற்றுநர் சொல்வதையும் கேட்காது, பெற்றோர் சொல்வதையும் கேட்காது. வீடியோ எடுக்கவேண்டுமானால் போனை இடுப்பு உயரத்தில் பக்கவாட்டில் ஊன்றி வைத்து, முழு ஓட்டமும் கைவிடுதலும் ஒரே சட்டத்துக்குள் வரும்படி விட்டுவிட்டு நிழலுக்குப் போங்கள். அவர்கள் அனுப்பும் வீடியோ பாட்டுப் போட்டு வெட்டி ஒட்டியது. முகத்துக்கு நல்லது, நுட்பம் பார்க்க உதவாது.

அறிக்கைத் தாளில் பத்துக்கு ஏழு, பத்துக்கு எட்டு என்று நிறையப் புள்ளி. எந்த வயதோடு ஒப்பிட்டு என்று ஒரு வரி கூட இல்லை. வேகத்தில் உச்சம் மட்டும் இருக்கிறது, சராசரி இல்லை. ஒன்பது பந்தின் இலக்கமும் அவர்களின் கொப்பியில் இருக்கும், கேட்டால் போட்டோ எடுக்க விடுகிறார்கள். அதைக் கட்டாயம் எடுங்கள். உச்சம் 112 வந்து மற்றதெல்லாம் 98 இல் கிடந்தால் அது ஒரு பிள்ளை, 106க்கும் 109க்கும் இடையில் நிற்பது வேறொரு பிள்ளை. பாடசாலை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டியது அந்தக் கொப்பிப் பக்கம்.

பதிவு வருடம் முழுக்க எடுக்கிறார்கள். கார்த்திகையிலிருந்து தை வரை திகதி போட்டிருந்தால் முற்பணம் மட்டும் கட்டுங்கள். மழைக்கு மைதானம் தண்ணீரில் நின்றால் திகதி மாறும், காசு திரும்பாது என்று படிவத்தின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. மாறின திகதி சாதாரண தரப் பரீட்சையோடு முட்டினால் என்ன செய்வார்கள் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.