நெஸ்ஸி: கண்ணால் கண்டதா, தண்ணீர் சொன்னதா?

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் ஒரு விடிகாலை. தண்ணீருக்கு மேல் வளைந்த கழுத்து மட்டும் நகர்ந்தது, உடம்பே தெரியவில்லை. பாம்பு என்றே நினைத்தேன். அப்புறம் அது மேட்டில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைத்தது. பாம்புத்தாரா!

அதனால்தான், ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் 1933 முதல் நெஸ்ஸி என்ற, நீண்ட கழுத்துள்ள ராட்சத ஊர்வன போன்ற மர்ம விலங்கைப் பார்த்ததாகச் சொல்பவர்களைப் பொய்யர்கள் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஏதோ ஒன்றைப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் தூரத்தில்தான். ஏரி சுமார் 37 கி.மீ. நீளம், நடுவில் மிதப்பதன் அளவை ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் எதுவும் இருக்காது. 1934-ல் வெளியான நெஸ்ஸியின் புகழ்பெற்ற புகைப்படமோ, பொம்மை நீர்மூழ்கியில் தலை பொருத்தி எடுத்தது. அந்த உண்மை வெளிவர 60 ஆண்டுகள் ஆயின.

இன்னொரு வழி, தண்ணீரையே கேட்பது. 2018-ல் நியூசிலாந்து விஞ்ஞானி நீல் ஜெம்மெல் குழுவினர் சுமார் 250 மாதிரிகளை அள்ளி, உயிரினங்கள் உதிர்த்த மரபணுத் துணுக்குகளைத் தேடினார்கள். ஊர்வனவற்றின் சுவடே இல்லை. விலாங்கு மட்டும் ஏராளம். அது எவ்வளவு பெரிய விலாங்கு என்பதை மரபணு சொல்லாது, சரி. இருந்தாலும் நான் நம்புவது தண்ணீரைத்தான். கரையில் நின்றவர் பேச்சையும் விடாமல் கேட்பேன். எங்கே அள்ள வேண்டும் என்று காட்டுவது அவர்தானே.